போகியில் செத்த தொட்டி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தை இனிமேல் ஆளே இல்லாமல் நடத்தப்போகிறார்களாம். ‘எங்கள்’ என்று வாய் தவறாமல்தான் சொல்கிறேன். எனக்கு அங்கே வீடு கிடையாது, என் வீடு பாரிவாக்கம் ஏரிக்கரைத் தெருவில். ஆனால் மேலே குடியிருக்கிறவர்கள் வருகிறார்கள், காலி செய்கிறார்கள். நான் கீழே தொட்டிகளோடு கடைசிவரைக்கும் இருந்தேன். அந்த உரிமை.

குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் வேலை பார்த்த கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சந்தோஷப்பட மட்டும் தெரியும், உடனே பட்டுக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ரேவதி எழுதுகிறாள்.

“நான் பேசறத மட்டும் நல்லா திருத்தி எழுதுடி. அங்க பேசிக்கினத அப்டியே வுட்டுடு” என்றேன்.

“அப்போ உன் வாய்க்கு மட்டும் பவுடரு பூசணுமா அத்தே?” என்றாள்.

ஆமாம், பூசிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

அந்த இடத்துக்கு நான் முதலில் போனது சித்தாளாக. அதற்கு முன்னால் அது நாற்று நட்ட நிலம். நட்டவர்களில் நானும் ஒருத்தி. நிலம் கைமாறியது, கட்டடம் வந்தது, நாற்றுக்குப் பதில் கலவைச் சட்டி. பூமிக்குள் இவ்வளவு பெரிய தொட்டிகள் எதற்கு, நீச்சல் குளமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். “ஆமா முனியம்மா, நீ டெய்லி வந்து குளி” என்றார். கட்டடம் முடிந்த பிறகு அதே தொட்டிக்கு உதவியாளாக என்னைச் சேர்த்தபோதுதான் அது யார் வீட்டுக் குளம் என்று தெரிந்தது. முதல் நாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். ஒரு வாரத்தில் முந்தானை இடுப்புக்குப் போய்விட்டது.

வேலை கற்றுக்கொண்டதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மேலே குளிக்கிற, துவைக்கிற, கக்கூஸில் போகிற தண்ணீரெல்லாம் ஒரு குழாயில் கீழே வரும். முதலில் கம்பி வலை. அதில் மாட்டுவதை வாரிப் போடுவது என் வேலை. பிறகு சேர்ப்புத் தொட்டி, வருவதையெல்லாம் பிடித்து வைக்கிற இடம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுத் தொட்டிக்கு பம்ப் அடிப்போம். அதன் அடியிலிருந்து ராத்திரி பகல் காற்று குமிழி விடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கின்றன. தண்ணீரில் உள்ள அழுக்குதான் அவற்றுக்குச் சோறு. தின்றுவிட்டு, பெருகி, பழுப்புச் சேறாகத் திரளும். அடுத்த தொட்டியில் சேறு கீழே உட்கார, மேலே தெளிந்த தண்ணீரை மணலில் வடிகட்டி மறுபடி கக்கூஸுக்கும் செடிகளுக்கும் அனுப்புவோம். அவ்வளவுதான். மருந்து, மந்திரம் எதுவும் இல்லை. பூச்சிக்குக் காற்றும் சோறும் நேரத்துக்குப் போக வேண்டும்.

கம்பி வலையைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். பல் தேய்க்கும் பிரஷ், பிளாஸ்டிக் யானை, இட்லித் துணி எல்லாம் வரும். ஒரு தடவை முழுப் பல் செட்டு வந்தது. கழுவி, காகிதத்தில் சுற்றி, வாசலில் காவலாளியிடம் கொடுத்து விசாரிக்கச் சொன்னேன். யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. ஆனால் பின்பக்கக் கட்டடத்துப் பெரியவர் ஒருவர் அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்காமலேயே எனக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

நிலையத்துக்கு மேலாள் ஏகாம்பரம் சார். ஆவடிக்காரர், டிப்ளமோ படித்தவர். எங்களையும் காட்டுப்பாக்கத்தில் இன்னொரு குடியிருப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். இந்த வேலைக்கு வெள்ளையா என்று கேட்டால், “கறை பட்டா தெரியணும் இல்ல” என்பார். நிலையத்தின் இரும்புக் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே நாங்கள் இல்லாத நேரத்திலும் தட்டுவார். பம்ப் ஓட்டுகிற தாஸ் ஒருநாள் கேட்டேவிட்டான்.

“யார் தொறப்பாங்கன்னு சார் தட்டிகினு கீறீங்க?”

“உள்ள குடித்தனம் கீதுப்பா. மேல இருக்கறத விட ஜாஸ்தி.”

வந்ததும் ஒரு கண்ணாடி ஜாடியில் காற்றுத் தொட்டித் தண்ணீரை மொண்டு திட்டின் மேல் வைப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பழுப்பு மெதுவாக இறங்கி அடியில் உட்கார வேண்டும். மேலே தெளிய வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. போன் வந்தாலும் எடுக்க மாட்டார். அவர் மனைவி கூப்பிட்டால் என் போனுக்குத்தான் வரும். “ஜாடியாண்ட நிக்கறாரா?” என்று கேட்பார். “ஆமாம்மா” என்றால் வைத்துவிடுவார்.

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தாஸ் ஒருமுறை சேர்ப்புத் தொட்டிக்குள் வாளியைத் தவற விட்டான். எடுக்கிறேன் பேர்வழி என்று லுங்கியை மடித்துக் கட்டினான். சார் ஓடி வந்தார். திட்டவில்லை. மூடியை இழுத்துத் தொட்டி வாயில் போட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எறங்கு. என்னத் தள்ளிட்டு எறங்கு.”

“ஒரு நிமிசம்தான் சார்…”

“உள்ள இருக்கற விஷவாயுக்கு ஒரு நிமிசம் ஜாஸ்தி. வாளி போனா வாளி. இந்த எடத்துல காத்துதான் உள்ள போவணும், ஆளு போவக் கூடாது.”

தாஸ் லுங்கியை இறக்கிவிடும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது பின்பக்கம் வட்டமாகக் கறை. அப்படியே பஸ் ஏறிப் போனார்.

இனி அந்தப் போகி.

பொங்கலுக்கு முன்னால் வீட்டைக் கழுவாத ஜனம் உண்டா? எங்கள் தெருவிலும் கழுவுவோம். ஆனால் இங்கே அத்தனை வீடும் ஒரே குழாயில் வருகிறது. குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள். பொங்கலுக்குச் சொந்த ஊர் போவார்கள். போகும்முன் சுத்தபத்தமாகக் கக்கூஸ், குளியலறை, பால்கனி எல்லாவற்றையும் கழுவிப் பூட்டிவிட்டுப் போனார்கள். எதில் கழுவினார்கள்? ஆசிட், பிளீச்சிங் பவுடர், பாட்டில் பாட்டிலாக. எல்லாம் போகிக்கு முந்தின நாளும் போகி விடிகாலையும்.

காலையில் நான் கம்பி வலையைத் தொடப் போனபோது கண் எரிந்தது. வழக்கமான நாற்றம் இல்லை. மூக்கைக் குத்துகிற, ஆஸ்பத்திரி மாதிரியான சுத்த வாடை. காற்றுத் தொட்டியின் மேல் வெள்ளை நுரை கரையைத் தாண்டி வழிந்தது. சாருக்குத் தாஸ் போன் போட்டான். பண்டிகையும் அதுவுமாக வந்தார். அன்றும் இரண்டு தட்டு.

சட்டைப் பையில் ஒரு காகிதப் பட்டை வைத்திருப்பார். தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும். நல்ல நாளில் வாழை இலைப் பச்சை. அன்று செங்கல் நிறம், அவ்வளவு ஆசிட். சேர்ப்புத் தொட்டியிலிருந்து காற்றுத் தொட்டிக்குப் போகிற பம்பை உடனே நிறுத்தச் சொன்னார். காற்றை மட்டும் விடாமல் ஓட்டச் சொன்னார். இரண்டு தொட்டிக்கும் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினோம். கொஞ்சம் ஊற்று, பொறு, பட்டையைப் பார், மறுபடி ஊற்று. ஒரேயடியாகக் கொட்டினால் காரம் ஏறி பூச்சி அந்தப் பக்கமாகச் சாகும் என்றார். சாயங்காலத்துக்குள் பட்டை பச்சைக்கு வந்தது. ஆனால் விடிகாலையிலேயே போக வேண்டியது போய்விட்டிருந்தது.

மறுநாள் பொங்கல். சார் ஜாடியை வைத்தார். அரைமணி நேரம் போனது. எதுவும் உட்காரவில்லை. சாம்பல் நிறத்தில் அப்படியே கலங்கி நின்றது. அவர் கையைப் பின்னாலிருந்து எடுத்தார்.

“செத்துட்டாங்க” என்றார். துஷ்டி வீட்டில் சொல்கிற மாதிரி, மரியாதையோடு.

தாஸுக்கு ஆத்திரம். “நம்ம மேல இன்னா சார் தப்பு? மேல கீறவங்க ஊத்திகினு பூட்டாங்க.”

“ஊத்தாதீங்கன்னு என்னிக்காவது சொல்லிக்கிறோமா?”

சொன்னதில்லை. கீழே என்ன குடியிருக்கிறது என்று மேலே யாருக்கும் தெரியாது.

முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பானை பொங்குகிற நேரத்துக்குச் சரியாக நாற்றமும் பொங்கிவிட்டது. பட்டுப்புடவைக்காரர்களெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு “பொங்கலோ பொங்கல்” சொன்னார்கள். எனக்கு என் முதல் நாள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்குத் தாஸ் முறைத்தான்.

உண்மையில் சிரிக்கிற நிலைமை இல்லை. பூச்சி செத்த தொட்டிக்குள் புதுத் தண்ணீர் விட முடியாது. விடாவிட்டால் சேர்ப்புத் தொட்டி நிரம்பும். நிரம்பினால் தரைத்தள வீடுகளின் கக்கூஸ் வழியாக மேலே வரும். கழிவுநீர் லாரியில் எடுத்துப்போகலாமென்றால் டிரைவர்களெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பாதி வீடு பூட்டியிருந்ததால் தண்ணீர் வரத்து குறைவு. அதுதான் ஒரே மூச்சு விடுகிற இடம்.

மிச்சமிருந்தது ஒரு வால்வு. சேர்ப்புத் தொட்டியிலிருந்து நேரே மழைநீர்க் கால்வாய்க்குப் போகிற குழாய். கட்டும்போது யாரோ வைத்துவிட்டார்கள். சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும், சாவி சாரிடம். அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஏரிக்கு. ஏரியோரம் இருக்கிற கை பம்பில்தான் எங்கள் தெருவே குடிக்கிறது. மாதச் சம்பளக்காரி என்ன பேசுவது?

சாயங்காலம் சங்கச் செயலாளர் சுகந்தி மேடம் இறங்கி வந்தார். கோயமுத்தூர்க்காரர், அவரும் கம்ப்யூட்டர் வேலைதான். ஊருக்குப் போகாமல் இதற்காக இருந்துவிட்டவர்.

“ஏனுங்க ஏகாம்பரம், என்னதாங்க பண்றது? கீழ் வீட்டுக்காரங்க எல்லாம் என்னைய நிக்க வெச்சுக் கேக்கறாங்க.”

சார் சொன்னார். காட்டுப்பாக்கத்துத் தொட்டியிலிருந்து நல்ல சேறு கொண்டுவந்து ஊற்ற வேண்டும், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அது பெருகச் சாணியும் வெல்லமும் வேண்டும். அதுவரை எல்லாரும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். சில நாள் ஆகும்.

“அத்தன நாள் தாங்காதுங்க. அந்த வால்வ ஒரு நா மட்டும் தொறந்து வுட்டுருங்க. இல்லைன்னா அடுத்த மாசம் வேற கம்பெனி பாக்கலாம்னு இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. உங்களுக்காகத்தானுங்க சொல்றேன்.”

சார் மாட்டேன் என்று சொல்லவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“சாவி உங்ககிட்ட இருக்கட்டும் மேடம். தொறக்கறதுன்னா நீங்களே தொறங்க. என்ன மட்டும் தொறக்கச் சொல்லாதீங்க.”

மேடம் சாவியைப் பார்த்துக்கொண்டே படியேறிப் போனார். சார் உடனே காட்டுப்பாக்கத்துக்குப் போன் போட்டார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். நான் கதவைத் திறக்கும்போதே மேடம் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் சாவி. ராத்திரி தூங்கின முகம் இல்லை.

“முனியம்மா, இந்தக் கால்வா எங்கீங்க போகுது?”

“எங்க ஊட்டாண்ட போவுதும்மா.”

“வாங்க, காட்டுங்க.”

கால்வாய் ஓரமாகவே நடந்தோம். அவர் செருப்பு ஈரத்தில் வழுக்கியது, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏரியில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் இன்னும் மாடு வைத்திருப்பது ஒன்றிரண்டு வீடுதான், அதில் என் கொழுந்தன் வீடும் ஒன்று. கொம்புக்கு நீலம் பூசின பசுவை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னா அண்ணி, மேடத்தையும் குளிப்பாட்ட இஸ்துகினு வந்துட்டியா?”

“வாய மூடுடா, கொழுப்பு.”

மேடம் சிரித்துவிட்டார். பக்கத்தில் கை பம்பில் அடித்துக்கொண்டிருந்த பெண், வெயிலில் நடந்து வந்தவர்களாயிற்றே என்று ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினாள். மேடம் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சொம்பை வாங்கினார். அண்ணாந்து முழுசும் குடித்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் மேடம் கால்வாயைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு, “சாணி எத்தன கூடை வேணும்னு சொன்னாருங்க?” என்றார். இன்னும் கொஞ்சம் நடந்த பிறகு, “நானுந்தானுங்க ஊத்துனேன், ரெண்டு பாத்ரூமுக்கும்” என்றார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் கொழுந்தன் சாணி தந்தான். காட்டுப்பாக்கத்திலிருந்து பீப்பாய்களில் சேறு குட்டியானை வண்டியில் வந்தது.

“இன்னா சரக்கும்மா இது? வண்டி கழுவறதுக்கே ஒரு நாள் ஆவும் போலகீது” என்றான் டிரைவர்.

“உறை மோரு” என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

மேடம் குடியிருப்பின் போன் குழுவில் செய்தி போட்டார். துணி மெஷின் ஓட்டாதீர்கள், ஒரு வாளியில் குளியுங்கள், பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்தில் மிச்சம் இருந்தால் கீழே கொண்டு வாருங்கள். ஏன் எதற்கு என்று வீடு வீடாகப் போயும் சொன்னார். தரைத்தளத்தார் சிலர் கதவையே திறக்கவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். அதுவரை அந்த இரும்புக் கதவை எட்டிப் பார்க்காதவர்கள் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஓர் அம்மா சர்க்கரைப் பொங்கலையே பாத்திரத்தோடு கொண்டுவந்தார். சார் கிளறிப் பார்த்து, “நெய் ஜாஸ்திம்மா, அதுங்களுக்கு ஒத்துக்காது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா முகம் வாடியதைப் பார்த்து, “நமக்கு ஒத்துக்கும்” என்று தாஸ் வாங்கிக்கொண்டான்.

வெல்லத்தைக் கரைத்து, சாணியைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, சேற்றோடு காற்றுத் தொட்டியில் விட்டோம். சேர்ப்புத் தொட்டியின் சுவரை நான் ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கலவை சுமந்து எழுப்பிய சுவர், அதன் உயரம் என் தலைக்குத் தெரியும். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

“நெறைய இன்னும் எவ்ளோ கீது?” என்பான் தாஸ்.

“ஒரு முழம்.”

“இப்போ?”

“ஒரு சாண்.”

மேடம் எங்கள் பின்னால் நிற்பார். சாவி துப்பட்டா முனையில் முடிந்திருக்கும். அவர் வால்வு பக்கம் போகவில்லை. எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. சார் ஜாடியை வைப்பார், நிற்பார், தலையை ஆட்டுவார், போவார். காணும் பொங்கலும் போனது. சாண் நாலு விரலாகி நின்றபோது, ஒரு காலையில் ஜாடியின் அடியில் விரல் கனத்துக்குப் பழுப்பு உட்கார்ந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிந்து, அந்தப் பக்கம் நின்ற சாரின் கைக்கடிகாரம் இந்தப் பக்கம் தெரிந்தது. தொட்டியிலிருந்து முதல் மழை மண்ணின் வாசனை வந்தது. நன்றாக வேலை செய்கிற தொட்டிக்கு அந்த வாசனைதான்.

“குடி வந்துட்டாங்க” என்றார் சார். அன்று முதல் பம்பைக் கொஞ்சமாகத் திறந்தோம். ஊர் திரும்பின லாரிக்காரர்கள் மீதியை எடுத்துப்போனார்கள். வேறு கம்பெனிப் பேச்சு அப்புறம் எழவில்லை. அடுத்த போகிக்கு மேடம் ஒவ்வொரு மாடியாக ஏறி, ஆசிட் வேண்டாம், சோப்பும் தேய்க்கிற கையும் போதும் என்று சொல்லிக்கொண்டு போனார். இப்போதும் போகிக்குப் போகி சொல்கிறார்.

சாவியை அவர் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்குத் தாஸ் எல்லா வால்வுக்கும் எண்ணெய் போட்டுக் குங்குமம் வைப்பான். அந்த ஒரு வால்வுக்கு மட்டும் சார் எண்ணெய் போடவிடவில்லை.

“அதுக்கு கோவமா சார்?” என்றான்.

“குங்குமம் மட்டும் வையி. துரு புடிக்கட்டும்.”

நன்றாகப் பிடித்தது. சாவி இருந்தாலும் திறக்காத அளவுக்கு.

இப்போது புதுக் கம்பெனி வந்திருக்கிறது. ஜாடிக்குப் பதில் ஒரு கருவி தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும், கணக்கு போனில் வரும். நல்ல கருவிதான், நானும் பார்த்தேன், விளக்கு எரிகிறது. சாரும் அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அது அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வந்த ஃபிட்டர் அந்தத் துருப்பிடித்த வால்வைக் காட்டி, “இதக் கழட்டிட்டு மோட்டார் வால்வு போட்டுடலாம். அவசரம்னா போன்லயே தொறக்கலாம் மேடம்” என்றார்.

“வேண்டாமுங்க. அடைச்சுருங்க” என்றார் சுகந்தி மேடம்.

“அப்போ மேஸ்திரி வேணும். நாளைக்குத்தான் வருவாரு.”

அன்று என் வேலைக்குக் கடைசி நாள். முற்றத்தில் மாலை, சால்வை எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“மேஸ்திரி எதுக்கு? சட்டி எங்க கீது?” என்றேன்.

முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிட்டர் வால்வை அறுத்தெடுத்தார். தாஸ் மணல் கொண்டுவந்தான். நான் சிமெண்டு கலந்தேன், தண்ணீர் பதம் கை மறக்கவில்லை. குழாயின் வாயில் கல் வைத்து அடைத்து, பூசி, கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்கினேன். மேலே சால்வையோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஈரம் காய்வதற்குள் தாஸ் குனிந்து அதன் நடுவில் குங்குமம் வைத்தான். சார் அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை.